மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில், சேலம்

சேலம்–ஏற்காடு சாலையில் உள்ள மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில், ஒரு திரைப்பட நிறுவனத்தின் தலைமையிடத்தில் இன்று எஞ்சியிருக்கும் அடையாளம் ஆகும். அதன் பின்னால் இருந்த படப்பிடிப்புத் தளங்கள் மறைந்துவிட்டன. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய வளைவு மட்டும் நிற்கிறது.

நிறுவனர் டி. ஆர். சுந்தரம் (1907–1963) திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய அவர், சேலம் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகத் திரைத்துறைக்கு வந்தார். அக்காலத்தில் தமிழ்ப் படம் எடுக்க நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ கொண்டுபோக வேண்டும். இந்த அலைச்சலைத் தவிர்க்க, சொந்த ஊர்ப் பக்கமே எல்லா வசதியும் கொண்ட நிலையம் அமைக்க எண்ணி, 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் படமான 'சதி அகல்யா' 1937-இல் வெளிவந்தது.

பெயரைக் கவனிக்க வேண்டும். முதலாளியின் பெயரும் இல்லை, குலதெய்வத்தின் பெயரும் இல்லை. 'நவீனம்' என்பதே விளம்பரம். ஆனால் அதைக் கட்டடத்தில் காட்டுவது எளிதல்ல. வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ தன் மதிப்பை முகப்பில் காட்டலாம். சென்னை அண்ணா சாலையில் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் தனக்காக எழுப்பத் தொடங்கிய உயர்ந்த கட்டடம் அப்படிப்பட்டது. (1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதால், 1959-இல் அது எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது.) பேசும்படத் தளத்துக்கோ வெளிச்சமும் ஓசையும் உள்ளே வரக் கூடாது. சன்னல் இல்லாத பெரிய கொட்டகைதான் தேவை. வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு போலவே இருக்கும். ஆகவே படப்பிடிப்பு நிலையங்களில் முகப்பின் வேலையை வாசல் ஏற்றுக்கொண்டது. ஹாலிவுட்டில் பாரமவுண்ட் நிறுவனத்தின் வளைவு வாசல் 1920-களிலிருந்தே அதன் முகமாக இருந்து வருகிறது. சேலம் வளைவும் அதே வேலையைத்தான் செய்தது. படம் பார்க்கும் பொதுமக்கள் உள்ளே போக முடியாது. அவர்களுக்கு நிறுவனம் என்றால் அந்த வாசல்தான்.

வாசலுக்கு உள்ளே நடந்ததுதான் பெயரைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பக் கலைஞர் பலரும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தனர். ஆலையைப் போல நேரக் கட்டுப்பாடு இருந்தது. சுந்தரம் நெசவுத் தொழில் படித்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்ப்பது தவறாகாது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் மு. கருணாநிதி வசனம் எழுதி எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் வண்ணப்படமாகச் சொல்லப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை இந்நிறுவனத்தின் படங்கள். கவிஞர் கண்ணதாசனும் இங்கு பணியாற்றினார்.

1963-இல் சுந்தரம் காலமான பின் அவர் மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்றார். துப்பறியும் படங்கள் பல வெளிவந்தன. தொழில் முழுவதும் சென்னையில் குவிந்துவிட்ட நிலையில், சேலத்தில் தனியே நிலையம் நடத்துவது கடினமாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. நிலையம் இருந்த இடம் குடியிருப்புப் பகுதியாகிவிட்டது. ஏற்காடு செல்லும் சுற்றுலாப் பயணிகள் வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.