இரண்டு மில்லிமீட்டர் பகை

1987 மார்ச் மாதம் கேனன் நிறுவனம் ஈ.ஓ.எஸ். 650 என்ற கேமராவை வெளியிட்டது. எஃப்.டி. வகை லென்ஸ்களை வருடக்கணக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த கேனன் பக்தர்களுக்கு அது நல்ல செய்தியாக இல்லை. கையிலிருந்த லென்ஸ்களில் ஒன்றுகூடப் புதுக் கேமராவில் மாட்டாது. 1959இல் வந்த கேனன்ஃபிளெக்ஸ் காலத்திலிருந்து தொடர்ந்துவந்த லென்ஸ் மாட்டும் வளையத்தை, அதாவது மவுண்ட்டைக் கேனன் ஒரே நாளில் கைகழுவியிருந்தது.

வளையத்தின் வடிவம் வேறாக இருந்தது சிக்கலில் பாதிதான். வடிவம் மட்டும் வேறென்றால் நடுவில் ஓர் அடாப்டரைச் செருகிச் சமாளிக்கலாம். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள தூரம்தான் உண்மையான வில்லன். பழைய எஃப்.டி. கேமராக்களில் அது 42 மில்லிமீட்டர், புதிய ஈ.எஃப். மவுண்ட்டில் 44. தொலைதூரக் காட்சி ஃபிலிம்மீது துல்லியமாக விழ, லென்ஸ் தனக்கு விதித்த தூரத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே மலையும் நிலவும் மங்கிப்போகும். பக்கத்திலிருக்கும் பூவும் பூச்சியும் மட்டும் தெளியும். லென்ஸை உள்ளே தள்ள முடியாது, அங்கே கேமராவின் உடம்பு இருக்கிறது.

தலைகீழாக இருந்தால் தொல்லை இல்லை. தூரம் அதிகமுள்ள கேமராவுக்காகச் செய்த லென்ஸைத் தூரம் குறைந்த கேமராவில் மாட்ட, மிச்ச இடைவெளியை ஒரு வளையத்தால் நிரப்பினால் போதும். நிக்கானின் எஃப் மவுண்ட் தூரம் 46.5 மில்லிமீட்டர். அதனால் போட்டி நிறுவனமான நிக்கானின் பழைய லென்ஸ்கள் 2.5 மில்லிமீட்டர் வளையத்தோடு கேனன் ஈ.ஓ.எஸ். கேமராவில் ஒழுங்காக வேலை செய்தன. கேனனின் சொந்தப் பழைய லென்ஸ்கள்தான் வாசலில் நின்றன.

இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டவர்களும் உண்டு. லைக்கா 1930இல் லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவை விற்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட கேமராவுக்கென்றே சரிசெய்யப்பட்டிருந்தது. கேமராவின் வரிசை எண்ணில் கடைசி இலக்கங்களை லென்ஸிலும் பொறித்தார்கள். அடுத்த ஆண்டே தூரத்தை 28.8 மில்லிமீட்டர் என்று நிலைப்படுத்திய பிறகுதான் எந்த லென்ஸும் எந்த லைக்காவிலும் மாட்டலாம் என்றானது. 1954இல் எம்3 கேமரா வந்தபோது, 39 மில்லிமீட்டர் மரைத் திருகை விட்டுவிட்டுச் சற்றே சுழற்றிப் பூட்டும் பயனட் மவுண்ட்டுக்கு மாறினார்கள். மாறும்போது தூரத்தை 27.8 ஆகக் குறைத்தார்கள். சரியாக ஒரு மில்லிமீட்டர். அந்த இடத்தில் ஒரு மெல்லிய வளையம் உட்கார்ந்தது. பழைய லென்ஸ்கள் எல்லாம் புதுக் கேமராவுக்குக் குடிவந்தன.

எம்42 மவுண்ட் இன்னொரு கதை. 1949இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவிய இந்த 42 மில்லிமீட்டர் மரைத் திருகை, பின்னாளில் ஜப்பானின் பென்டாக்ஸ், யாஷிகா, ஃப்யூஜிகா எனப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். சோவியத் ஜெனித்தும் சேர்ந்துகொண்டது. இன்று சுழலும் பின்னணிக்காக இளைஞர்கள் தேடித் திரியும் ஹீலியோஸ் 44-2 லென்ஸ் இந்தக் குடும்பம்தான். ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் 58 மில்லிமீட்டர் லென்ஸே அதன் மூலம்.

பொதுச் சொத்துபோல இருந்த எம்42 மவுண்ட்டுக்கும் நிம்மதி இல்லை. திருகி மாட்டும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் வந்து நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. லென்ஸின் ஒளித்துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கேமராவுக்குத் தெரிவிக்க ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு கொக்கியையோ ஊசியையோ சேர்த்தது. ஃப்யூஜினான் லென்ஸ் சிலவற்றின் பின்புற நீட்சி இன்றைய எம்42 அடாப்டர்களிலும் இடிக்கிறது என்றால், அதற்குக் காரணம் எழுபதுகளின் அந்தத் தனிக்குடித்தனம். பென்டாக்ஸ் 1975இல் கே மவுண்ட்டுக்கு மாறியபோது 45.46 என்ற பழைய தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. மரைத் திருகு லென்ஸுக்கு உள்ளே பதியும் ஒரு வளையமும் கொடுத்தது. பழைய வாடிக்கையாளரை மதித்த செயல்.

அப்படியானால் கேனன் ஏன் மதிக்கவில்லை? 1985இல் மினோல்டா 7000 வந்து தானியங்கி ஃபோகஸைச் சந்தையின் நடுவீட்டில் உட்கார வைத்தது. கேனனும் அதே ஆண்டில் டி80 என்ற கேமராவில், பழைய மவுண்ட்டை விடாமல், தானியங்கி ஃபோகஸை ஒட்டவைத்துப் பார்த்தது. எடுபடவில்லை. பிறகுதான் துணிந்து எல்லாவற்றையும் துடைத்தெறிந்தார்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே நெம்புகோல் ஒன்றுகூட இல்லை, மின்தொடர்பு மட்டும்தான். ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே போனது. வளையத்தின் உள்விட்டம் 54 மில்லிமீட்டராக விரிந்தது. விலையுயர்ந்த டெலிஃபோட்டோ லென்ஸ் சிலவற்றுக்காகக் கண்ணாடி வைத்த 1.26 மடங்கு மாற்றி ஒன்றைக் கேனன் செய்ததும் உண்மை. ஆனால் சாதாரண 50 மில்லிமீட்டர் வைத்திருந்தவருக்கு அதனால் பயனில்லை.

நிக்கான் அன்றைக்கு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியது. 1959இன் எஃப் மவுண்ட்டை அது கைவிடவே இல்லை. ஆனால் இந்த விசுவாசத்தில் நிறைய நிபந்தனைகள் உண்டு. தொடக்க கால நிக்கான் லென்ஸ்களின் துளை வளையத்தில் முயல் காதுபோல ஒரு கொக்கி இருக்கும்; ஒளிமானிக்குச் சேதி சொல்வது அதுதான். 1977இல் ஏ.ஐ. முறை வந்தபோது அந்த வேலை வளையத்தின் பின்விளிம்பில் உள்ள ஒரு மேட்டுக்குப் போனது. அது கேமராவின் சிறு நெம்புகோலைத் தள்ளும். 1977க்கு முந்திய லென்ஸை மாற்றாமல் அப்படியே மாட்டித் திருகினால் அதன் முழு விளிம்பு நெம்புகோலை நசுக்கிவிடும். எஃப்.எம். கேமராவிலும் 2013இன் டி.எஃப். கேமராவிலும் நெம்புகோலை மடக்கி வைக்க வழி உண்டு. பல நிக்கான்களில் இல்லை. டிஜிட்டல் காலத்தில் இன்னும் வேடிக்கை: 2006இல் வந்த மலிவான டி40 கேமராவில் அந்த நெம்புகோலே இல்லை. அதனால் பழங்கால லென்ஸ் அதில் பாதுகாப்பாக உட்காரும். ஆனால் ஒளி அளவு காட்டாது. ஃபோகஸ் மோட்டாரும் உள்ளே இல்லாததால், தொண்ணூறுகளின் நிக்கான் லென்ஸ்கள் பல தானாக ஃபோகஸ் ஆகாது. மவுண்ட் ஒன்றுதான், பொருத்தம் பல.

இந்தத் தூர வழக்கை முடித்துவைத்தது கண்ணாடியின் மறைவு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தூரங்கள் எல்லாம் அதற்காகவே. 2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியைத் தூக்கிவிட்டது. சோனியின் ஈ மவுண்ட் தூரம் 18 மில்லிமீட்டர். எஃப்.டி. லென்ஸுக்கு 24 மில்லிமீட்டர் வெற்றுக்குழாய் ஒன்று போதும், உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம். 2013இல் சோனி ஏ7 ஃபிலிம் சட்டத்தின் அளவேயான முழுச் சட்டச் சென்சாரோடு வந்தபின் 50 மில்லிமீட்டர் லென்ஸ் பழையபடி 50 ஆகவே காட்சி தந்தது. கேனனே 2018இல் ஈ.ஓ.எஸ். ஆர் கேமராவில் தூரத்தை 20 ஆகக் குறைத்தது. 31 ஆண்டு கழித்து, எஃப்.டி. லென்ஸ் முழுச் சட்டத்தோடு கேனன் கேமராவுக்குத் திரும்பிய வழி இதுதான்.

எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான அகலக்கோண லென்ஸ்களில் கடைசிக் கண்ணாடி ஃபிலிமை ஒட்டி நிற்கும். ஒளி ஓரங்களில் மிகச் சாய்வாக விழும். ஃபிலிம் அதைப் பொருட்படுத்தவில்லை. சென்சாரும் அதன்மேல் மூடிய கண்ணாடித் தகடும் பொருட்படுத்துகின்றன. மூலைகள் கரைகின்றன, ஓரங்களில் ஊதா படிகிறது. லைக்கா 2006இல் எம்8 கேமராவில் அந்தத் தகட்டை மெல்லியதாக்கிப் பார்த்தது. அகச்சிவப்பு ஒளி உள்ளே புகுந்து கறுப்புச் செயற்கைத் துணிகள் ஊதாவாகத் தெரிந்தன. வாங்கியவர்களுக்கு இரண்டு வடிகட்டிகளை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

வீட்டு அலமாரியில் பழைய நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்கள், அதை நிக்கான் கேமராவில் திருகுமுன் துளை வளையத்தைப் பாருங்கள். எண்கள் பெரிதும் சிறிதுமாக இரண்டு வரிசையில் இருந்தால் அது ஏ.ஐ. அல்லது அதற்குப் பிந்தியது. ஒரே வரிசை என்றால் கேமராவின் கையேட்டைப் படித்துவிட்டு மாட்டுங்கள். கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள், லென்ஸ் இல்லாதபோதும் ஷட்டர் இயங்கும் தேர்வை மெனுவில் திறந்துவிடுங்கள். இல்லையேல் பல கேமராக்கள் அடாப்டரை லென்ஸ் என்று ஒப்புக்கொள்ளாமல் படமெடுக்க மறுக்கும்.