ஈகை (நற்பண்பு)

ஈகை என்பது தன்னிடம் உள்ள பொருளையோ உழைப்பையோ கைம்மாறு கருதாது பிறருக்கு மனமுவந்து அளிக்கும் நற்பண்பு ஆகும். இது வள்ளன்மை, கொடைத்தன்மை எனவும் அழைக்கப்படுகிறது. பண்டைய கிரேக்க, உரோமை மெய்யியலாளர்கள் ஈகையைச் சிறந்த மனிதரின் இயல்புகளுள் ஒன்றாகக் கருதினர். கிறித்தவம் இக்கருத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கொடை யாரைச் சென்றடைய வேண்டும் என்ற கேள்விக்கு அது வேறு விடை அளித்தது.

சொற்பொருள்

ஈகையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'எலெயுதெரியோத்தேஸ்', இலத்தீன் சொல் 'லிபெராலித்தாஸ்' ஆகும். இவ்விரண்டும் 'அடிமையல்லாதவர்' என்னும் பொருளுடைய சொற்களிலிருந்து பிறந்தவை. உரிமை பெற்ற குடிமகனுக்குத் தகுந்த பண்பாகவே ஈகை முதலில் எண்ணப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

கிரேக்க, உரோமை மெய்யியலில்

அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) தமது 'நிக்கோமாக்கிய அறவியல்' என்னும் படைப்பின் நான்காம் நூலில் ஈகையை ஆராய்கிறார். ஊதாரித்தனம், கருமித்தனம் ஆகிய இரு எல்லைகளுக்கும் நடுவில் அமைந்த நிலையே ஈகை என்பது அவர் கருத்து. ஈகையாளர் தகுந்தவருக்கு, தகுந்த அளவில், தகுந்த காலத்தில் கொடுப்பார். அதனை வருத்தமின்றிச் செய்வார். கொடையின் அளவைக் கொண்டு அன்றி, கொடுப்பவரின் வசதியைக் கொண்டே ஈகை மதிப்பிடப்படும். எனவே குறைவாகக் கொடுப்பவர் மிகுதியாகக் கொடுப்பவரை விடச் சிறந்த ஈகையாளராக இருத்தல் கூடும். இரு குறைகளுள் கருமித்தனமே கொடியது என்கிறார் அவர். ஊதாரியை வயதும் வறுமையும் திருத்தக்கூடும். கருமியைத் திருத்துவது அரிது.

சிசெரோ கி.மு. 44 இல் தம் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' என்னும் நூலில் ஈகைக்கு மூன்று வரம்புகளை விதித்தார். கொடை எவருக்கும் தீங்கு விளைவிக்கக் கூடாது. கொடுப்பவரின் வசதியை மீறக் கூடாது. பெறுபவரின் தகுதிக்கேற்ப அமைய வேண்டும். சுல்லாவும் சீசரும் ஒருசாராரின் உடைமைகளைப் பறித்துப் பிறருக்கு வழங்கியதை ஈகை எனக் கொள்ள முடியாது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

செனெக்கா (இறப்பு: கி.பி. 65) இப்பொருள் குறித்து ஏழு நூல்களைக் கொண்ட தனிப்படைப்பை இயற்றினார். கொடையின் சாரம் பொருளில் இல்லை, கொடுப்பவரின் எண்ணத்திலேயே உள்ளது என்பது அவரது முடிவாகும். இதனால் ஓர் அடிமையும் தன் தலைவனுக்கு நன்மை செய்ய இயலும் என்று அவர் வாதிட்டார்.

நடைமுறையில், செல்வர்கள் தம் நகருக்குக் குளியல் மண்டபங்களையும் அரங்குகளையும் கட்டித் தந்தனர். நகரமும் சிலைகளாலும் கல்வெட்டுகளாலும் அவர்களைப் போற்றியது. இக்கொடைகள் பெரும்பாலும் குடிமக்கள் சமூகத்தை நோக்கியவை. ஏழைகள் என்போர் தனியே கருதப்படவில்லை.

கிறித்தவத்தில்

கைம்பெண், அநாதை, அன்னியர் ஆகியோருக்காக வயலில் கதிர்களை விட்டுவைக்குமாறு யூதத் திருச்சட்டம் பணித்தது (இணைச்சட்டம் 24:19-21). இம்மரபில் தோன்றிய கிறித்தவம், வறியவரின் தேவையை ஈகையின் மையத்தில் வைத்தது. எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட கைம்பெண்ணை, செல்வர்களை விட மிகுதியாகக் கொடுத்தவர் என இயேசு பாராட்டினார் (மாற்கு 12:41-44). இங்குக் கொடுப்பவரே ஏழையாக இருப்பது குறிப்பிடத்தக்கது. கொடையை மறைவாகச் செய்ய வேண்டும் என்ற அவரது போதனை (மத்தேயு 6:1-4), புகழுக்காகக் கொடுக்கும் வழக்கத்திற்கு எதிரானது. எருசலேமில் வாழ்ந்த ஏழைக் கிறித்தவர்களுக்காகப் பவுல் பிற நாட்டுச் சபைகளில் நன்கொடை திரட்டினார் (2 கொரிந்தியர் 8-9).

கி.பி. 369 அளவில் கப்பதோக்கியாவில் பஞ்சம் நிலவியபோது, தானியத்தைப் பதுக்கிய செல்வர்களைப் புனித பசீலியார் கண்டித்தார். தேவைக்கு மேல் வைத்திருக்கும் பொருள் ஏழைகளுக்கு உரியது என்பது அவர் வாதம். செசாரியா நகருக்கு வெளியே நோயாளர்க்கும் வறியோர்க்கும் அவர் இல்லங்களை அமைத்தார். மிலான் ஆயர் அம்புரோசு, சிசெரோவின் நூலை முன்மாதிரியாகக் கொண்டு குருக்களுக்கான கடமைகள் குறித்து எழுதினார். போர்க் கைதிகளை மீட்பதற்காகத் திருச்சபையின் புனிதக் கலங்களை உருக்கியதைச் சரியான செயல் என்று அதில் நிலைநாட்டினார்.

இரு மரபுகளின் இணைவு

தாமஸ் அக்குவைனஸ் (1225-1274) தமது 'இறையியல் சுருக்கம்' என்னும் நூலில் இவ்விரு மரபுகளையும் இணைத்தார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, பொருளைச் செவ்வனே பயன்படுத்தும் பண்பே ஈகை எனக் கொண்டு அதனை நீதியோடு தொடர்புபடுத்தினார். ஏழைக்கு உதவும் தருமத்தையோ அன்பின் செயலாக வகைப்படுத்தினார். மேலும், உயிர் காக்க வேறு வழியின்றிப் பிறர் பொருளை எடுப்பவர் திருடியவர் ஆகார் என்றும் அவர் கூறினார். இதன்படி, கடுந்தேவையில் இருப்பவருக்கு உதவி என்பது கொடுப்பவரின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. பெறுபவரின் உரிமையும் ஆகிறது.