50 டாலர் கேள்வி

சிமுலேஷன்னு சொன்னா இன்னைக்கு நமக்கு வானிலையும் விமானமும் ஞாபகம் வரும். ஆனா முகம் தெரியாத பல பேர் ஒரே சிமுலேஷனைச் சுத்திக் கூடின கதையைப் பார்க்கணும்னா, 1970-க்குப் போகணும்.

கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஜான் கான்வே 'லைஃப்' என்று ஒரு விளையாட்டை உருவாக்கினார். கட்டம் போட்ட தளம். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். சுற்றிலும் எட்டு அண்டை செல்கள். உயிருள்ள செல்லுக்கு உயிருள்ள அண்டை இரண்டோ மூன்றோ இருந்தால் பிழைக்கும். குறைஞ்சாலும் சாவு, கூடினாலும் சாவு. காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால், அங்கே ஒன்று பிறக்கும். எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் மாறும். அவ்வளவுதாங்க விதி.

முதலில் கோ விளையாட்டுப் பலகையில் காய் வைத்துக் கையாலேயே ஓட்டினார்கள். வெறும் ஐந்து செல் கொண்ட ஆர்-பென்டோமினோ என்ற வடிவம் அடங்கவே மாட்டேன் என்றது. அதைத் துரத்திக்கொண்டு போனபோதுதான், தளத்தில் தானாகவே நகர்ந்து போகும் ஒரு குட்டி வடிவத்தை ரிச்சர்ட் கை கவனித்தார். அதுதான் கிளைடர். ஆர்-பென்டோமினோ அடங்க 1,103 தலைமுறை ஆகும்னு பிறகு கம்ப்யூட்டர்தான் காட்டியது.

1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதைப் பற்றி எழுதினார். கூடவே கான்வேயின் ஊகம் ஒன்று: எந்த வடிவத்திலும் செல் எண்ணிக்கை எல்லையில்லாமல் ஏறாது. வருஷம் முடியறதுக்குள்ள இதை நிரூபிச்சாலும் சரி, உடைச்சாலும் சரி, 50 டாலர் பரிசு.

நவம்பரிலேயே உடைஞ்சது! எம்ஐடியில் பில் காஸ்பர் குழு கண்டுபிடித்த 'கிளைடர் கன்', 30 தலைமுறைக்கு ஒரு கிளைடரைத் துப்பிக்கொண்டே இருக்கும். அப்போ எண்ணிக்கை ஏறிக்கிட்டேதானே போகும்? பின்னாளில் அந்தக் கிளைடர்களையே சிக்னலாக வைத்து, லைஃபுக்குள் ஒரு கம்ப்யூட்டரையே கட்டலாம் என்பதும் தெளிவானது.

1971-ல் ராபர்ட் வெயின்ரைட் 'லைஃப்லைன்' என்ற செய்திமடலைத் தொடங்கினார். 1973 வரை 11 இதழ்கள். ஆர்வலர்களின் கண்டுபிடிப்புகள் தபாலில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன.

ஏன் இத்தனை பேர் கூடினாங்க? விதி முழுசும் எல்லாருக்கும் தெரியும். முடிவு மட்டும் விதியை உருவாக்கினவருக்கே தெரியாது. ஒரு வடிவம் கடைசியில் என்ன ஆகும்னு எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும்படி சொல்ல ஒரு வழிமுறை கிடையாது. ஓட்டித்தான் பார்க்கணும். அந்த இடத்தில் பேராசிரியரும் பொழுதுபோக்குக்காரரும் ஒண்ணுதான். கான்வேயும் தன் ஊகத்தைப் பூட்டி வைக்காமல், 'முடிஞ்சா உடைங்க'ன்னு ஊர் நடுவுல வெச்சார். ஒரு கூட்டம் சேர அது போதுமா இருந்தது.

கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு எடுங்க. நெடுக்காக மூன்று செல். மேல் செல்லுக்கு வலப்பக்கம் ஒன்று, நடு செல்லுக்கு இடப்பக்கம் ஒன்று. ஆர்-பென்டோமினோ ரெடி. பத்து தலைமுறை கையால ஓட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.