கலப்பின மகிழுந்துகளில் மின்னேற்ற மேலாண்மை

கலப்பின மகிழுந்துகளில் மின்னேற்ற மேலாண்மை என்பது, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து இயக்கும் ஹைபிரிட் காரின் பேட்டரியில் எந்நேரமும் எவ்வளவு மின்னாற்றல் இருக்க வேண்டும், அது எப்போது செலவிடப்பட வேண்டும், எவ்வழியில் மீண்டும் நிரப்பப்பட வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு முறையாகும். வெளியிலிருந்து மின்னேற்றம் பெறாத கலப்பின மகிழுந்தில் எல்லா ஆற்றலுக்கும் மூலம் பெட்ரோலே என்பதால், பேட்டரி அங்கே மிகுதியை வாங்கி வைத்துத் தேவை எழும்போது திருப்பித் தரும் இடைக்கிடங்காகச் செயல்படுகிறது. வாங்குவதற்கு இடமும் கொடுப்பதற்கு இருப்பும் ஒருசேர வேண்டியிருப்பதால், அதனை நடுத்தர நிலையில் வைத்திருப்பதே இம்மேலாண்மையின் அடிப்படை நெறியாகும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இம்முறையைப் பேரளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

பேட்டரியின் அளவும் பணியும்

2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பேட்டரி 168 நிக்கல் உலோக ஐதரைடு மின்கலங்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் தரும் இக்கலங்கள், ஆறாறாக 28 கூறுகளில் அடைக்கப்பட்டுத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மொத்த மின்னழுத்தம் 201.6 வோல்ட்டாகவும், 6.5 ஆம்பியர் மணிக் கொள்ளளவின்படி சேமிக்கத்தக்க ஆற்றல் ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணியாகவும் அமைகின்றன. முழு மின்சார மகிழுந்துகளின் பேட்டரிகளோடு ஒப்பிட இது மிகச் சிறிய அளவே. எனினும் நகரப் போக்குவரத்துக்கு இது போதுமானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1,400 கிலோகிராம் எடையுள்ள வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 0.054 கிலோவாட் மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. பிரேக் பிடிக்கையில் மோட்டாரை மின்னாக்கியாக மாற்றி இந்த ஆற்றலை மீட்பது மீளாக்கத் தடையிடல் எனப்படும். இழப்புகள் போக மீள்வது இதனினும் குறைவு என்பதால், நின்று நின்று செல்லும் பயணத்தில் பேட்டரியின் இருப்பு சிறு ஏற்ற இறக்கங்களுடன் நிலைபெறுகிறது.

இயக்க வரம்பு

பேட்டரியின் முழுக் கொள்ளளவில் எத்தனை விழுக்காடு இருப்பில் உள்ளது என்பதைக் குறிக்கும் அளவு மின்னேற்ற நிலை ஆகும். பிரியஸின் நிக்கல் உலோக ஐதரைடு பேட்டரியில் இது ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் அடக்கப்பட்டு, 60 விழுக்காட்டை ஒட்டிய இலக்கை நோக்கித் தொடர்ந்து செலுத்தப்படுகிறது. ஓட்டுநர் முன்னுள்ள திரையில் காணும் பட்டைகள் முழுக் கொள்ளளவைச் சுட்டாமல் இந்த வரம்பையே சுட்டுவதால், எல்லாப் பட்டைகளும் ஒளிரும்போதும் பேட்டரி முழுமையாக நிரம்பியிருப்பதில்லை.

இரு எல்லைகளுக்கும் வேதியியல் காரணங்கள் உள்ளன. நிக்கல் உலோக ஐதரைடு கலம் நிரம்பும் நிலையை நெருங்கும்போது நேர்மின்வாயில் ஆக்சிஜன் வெளிப்பட்டு, செலுத்தப்படும் ஆற்றல் சேமிப்பாகாமல் வெப்பமாகிறது, அழுத்தமும் உயர்கிறது. மிகையாக வடியும்போதோ, தொடரில் உள்ள வலுக்குன்றிய கலம் முதலில் தீர்ந்து, பிற கலங்களின் மின்னோட்டத்தால் அதன் முனைவுத்தன்மை தலைகீழாகி நிரந்தரச் சேதம் அடைகிறது. கீழ் எல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு: பிரியஸில் எஞ்சினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, உயர்மின்னழுத்தப் பேட்டரியின் மின்சாரத்தைக் கொண்டே எஞ்சின் சுழற்றிக் கிளப்பப்படுவதால், அது முற்றிலும் வடிந்தால் பெட்ரோல் இருந்தும் வண்டி கிளம்பாது.

மின்னேற்ற நிலையைக் கணித்தல்

இருப்பை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. அது கணிக்கப்பட வேண்டியதாகும். உள்ளே வரும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் இடைவிடாது கூட்டிக் கழித்து வரவுசெலவு பார்ப்பது முதன்மை முறை. மின்னோட்ட உணரியில் 0.1 ஆம்பியர் அளவு நிலையான பிழை இருந்தாலும், பத்து மணி நேர ஓட்டத்தில் அது 1 ஆம்பியர் மணியாகத் திரண்டு, 6.5 ஆம்பியர் மணிப் பேட்டரியின் கணக்கில் 15 விழுக்காடு தவறை உண்டாக்கும். எனவே மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் கொண்டு இக்கணக்கு அவ்வப்போது திருத்தப்படுகிறது. நிக்கல் உலோக ஐதரைடு கலத்தின் மின்னழுத்தம் நடு வரம்பில் அதிகம் மாறுவதில்லை என்பதும், ஒரே இருப்பில் ஏற்றத்துக்குப் பின் ஒரு மதிப்பையும் இறக்கத்துக்குப் பின் வேறொரு மதிப்பையும் காட்டுகிறது என்பதும் இத்திருத்தத்தைக் கடினமாக்குகின்றன. இரு வகை அளவீடுகளையும் அவற்றின் நம்பகத்தன்மைக்கேற்ப எடையிட்டு இணைக்கும் கால்மன் வடிப்பான் போன்ற கணித முறைகள் இதற்குப் பயன்படுகின்றன.

ஆற்றல் பகிர்வு உத்தி

எஞ்சினைக் கொண்டு மின்னேற்றி, அம்மின்சாரத்தால் மோட்டாரை ஓட்டும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் ஆற்றல் இழப்பு நேர்கிறது. ஆயினும் குறைந்த சுமையில் எஞ்சின் தன் எரிபொருளை மிகத் திறனற்ற முறையில் பயன்படுத்துவதால், அவ்வேளைகளில் அதை நிறுத்திவிட்டு மோட்டாரால் ஓடுவதும், எஞ்சின் இயங்க நேரும்போது அதன் சுமையைச் சற்றே உயர்த்தித் திறன்மிக்க நிலைக்குக் கொண்டுவந்து மிகுதியைப் பேட்டரியில் சேர்ப்பதும் மொத்தத்தில் ஆதாயம் தருகின்றன. எப்போது எது ஆதாயம் என்பதை முடிவு செய்ய, பேட்டரியின் மின்சாரத்துக்கு ஒரு பெட்ரோல் விலை கற்பிக்கப்படுகிறது. இப்போது செலவிடும் மின்சாரத்தைப் பின்னர் நிரப்ப ஆகும் பெட்ரோலையும் கணக்கில் சேர்த்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையை ஒவ்வொரு கணமும் குறைக்கும் இவ்வுத்தி சமான நுகர்வுக் குறைப்பு எனப்படும். இருப்பு இலக்குக்குக் கீழே போகும்போது மின்சாரத்தின் விலை உயர்த்தப்பட்டு எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது. மேலே போகும்போது விலை தாழ்த்தப்பட்டு மோட்டார் முன்னிற்கிறது.

ஏற்றமும் இறக்கமும்

சமவெளியில் சீராக நடக்கும் இம்மேலாண்மை மலைச்சாலையில் கடும் சோதனைக்கு உள்ளாகிறது. 1,400 கிலோகிராம் எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 1.1 கிலோவாட் மணி நிலையாற்றல் விடுபடுகிறது. 60 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை பேட்டரியில் எஞ்சியிருக்கும் இடமோ 0.26 கிலோவாட் மணி மட்டுமே. காற்றும் சக்கர உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட பின்னும், இறக்கத்தின் பாதிவழியிலேயே பேட்டரி மேல் எல்லையைத் தொட்டுவிடலாம். அதன் பிறகு மீளாக்கம் குறைக்கப்பட்டு, எரிபொருள் செலுத்தப்படாத எஞ்சின் வெறுமனே சுழற்றப்பட்டு மிகை ஆற்றல் கரைக்கப்படுகிறது. ‘பி’ என்று குறிக்கப்பட்ட கியர் நிலை இந்த எஞ்சின் தடையை முன்கூட்டியே வரவழைத்து, பிரேக்குகள் சூடேறாமல் காக்கிறது. ஆனால் சமநிலத்தில் அதையே பயன்படுத்தினால் மீட்கத்தக்க ஆற்றல் வீணாகும்.

செருகு கலப்பின மகிழுந்துகள்

மின்செருகி மூலம் வெளியிலிருந்தும் மின்னேற்றத்தக்க வகைகளில் முதலில் இருப்பைச் செலவிடும் நிலையும், அது தீர்ந்தபின் எஞ்சியதைக் காக்கும் நிலையும் அடுத்தடுத்து வருகின்றன. 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரோலெட் வோல்ட்டின் 16 கிலோவாட் மணி லித்தியம் அயனிப் பேட்டரியில் ஏறத்தாழ 10.4 கிலோவாட் மணி மட்டுமே பயன்பாட்டுக்கு விடப்பட்டு, மற்றது ஆயுள் காப்புக்காக ஒதுக்கப்பட்டது. செங்குத்தான நீண்ட ஏற்றங்களுக்கு எஞ்சின் வலு மட்டும் போதாது என்பதால், ஏறத் தொடங்கும் முன்பே கூடுதல் இருப்பைத் தேக்கி வைக்கும் மலைப்பயண முறையும் அதில் இடம்பெற்றது.

வெப்பமும் ஓட்டுநரின் பங்கும்

வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் முதன்மைக் காரணி என்பதால், சூடேறும்போது கட்டுப்பாட்டுக் கணினி மின்னேற்ற, மின்னிறக்க வேகங்களைத் தாழ்த்துகிறது. பிரியஸின் பேட்டரி பயணியர் அறைக் காற்றால் குளிர்விக்கப்படுவதால், பின்னிருக்கையருகே உள்ள காற்றுத் துளையைப் பொருள்களால் மறைக்காமலும் தூசி அடையாமலும் வைத்திருப்பது உரிமையாளரின் கடமையாகும். ஜப்பானிலிருந்து பயன்படுத்திய கலப்பின மகிழுந்துகள் பெருமளவில் இறக்குமதியான இலங்கை போன்ற வெப்பநாடுகளில் இப்பராமரிப்பு மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

மின்னேற்றம் தானியங்கி முறையில் நடப்பினும் ஓட்டுநரின் பழக்கம் அதன் பயனைப் பாதிக்கிறது. முன்கூட்டியே மென்மையாகப் பிரேக் பிடிப்பது மீளாக்கத்தின் பங்கைக் கூட்டுகிறது. திடீரெனப் பிடிப்பது அந்த ஆற்றலை உராய்வு பிரேக்குகளில் வெப்பமாக்கிவிடுகிறது. நியூட்ரல் நிலையில் பேட்டரிக்கு மின்னேற்றம் நடப்பதில்லை என்பதால், நெரிசலில் நீண்ட நேரம் அந்நிலையில் நிற்பதும், குளிரூட்டியை இயக்கி வைப்பதும் இருப்பை வடித்துவிடும். பயன்படுத்தாத வண்டியிலும் பேட்டரி தானாக மெல்ல வடிவதால், சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அரை மணி நேரம் ஓட்டுவது அவசியம். எஞ்சினை வலிந்து இயக்கிப் பட்டைகளை நிரப்ப முயல்வது பெட்ரோலை வீணாக்குவதோடு, அடுத்த இறக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆற்றலுக்கு இடமில்லாமலும் செய்துவிடும்.