தொழில்வழிச் சிகிச்சை அறநெறி

நோயாலோ விபத்தாலோ முடங்கியவர் குளியல், சமையல், வேலை போன்ற அன்றாடச் செயல்களை மீண்டும் செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபியின் தொழில் ஒழுக்கநெறி. இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் கமலா நிம்ப்கர். 1950-இல் பம்பாயில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இத்துறையினரின் அகில இந்தியச் சங்கம் 1952-இல் உருவாயிற்று. நாடு தழுவிய சட்டம் வருவதற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. தகுதியற்றவர்கள் சிகிச்சையளிப்பதைத் தடுக்க ஏதுவான பதிவேட்டை நாடு முழுவதற்கும் அச்சட்டம் கட்டாயமாக்கியது. இத்தனை தாமதம் வருந்தத்தக்கது.

சட்டம் ஒருபுறம் இருக்க, இத்தொழில் நெறிகளின் உரைகல் நோயாளியின் வீடு. எடுத்துக்காட்டாக, கொச்சி மட்டாஞ்சேரியில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழும் புழங்குகின்றன. அதை அடுத்த ஃபோர்ட் கொச்சி சலவைத்துறையில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் கையால் துவைத்து, கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்க்கின்றன. அங்கே ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், வலக்கை எதற்கு முதலில் பழக வேண்டும் என்பதை அவரே சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தான் போடுவதா, பெட்டியைப் பிடிப்பதா? உணர்ச்சி குன்றிய கைக்குச் சூட்டுக்காய ஆபத்து உண்டு. அதை அவருக்குப் புரியும் தமிழில் விளக்காமல் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையை நிறுத்துவதும் தவறு: கழிப்பறைச் சிரமத்தைப் பிள்ளை முன் யார் சொல்வார்?

அண்டை வீடுகள் நெருங்கிய சந்துகளில் ரகசியம் காப்பது கடினம். மனநோய்க்கான சிகிச்சையில் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதை நோயாளியின் உரிமையாகவே வரையறுக்கிறது. அதேபோல், பலனில்லாத சிகிச்சை அமர்வுகளைக் கட்டணத்துக்காக நீட்டுவது கடும் நெறிமீறல்.