யாழினி: ஒரு பெயரும் அதை அழைக்கும் நாக்கும்

கள்ளக்குறிச்சியிலும் அதற்கு மேற்கே கல்வராயன் மலையிலும் குழந்தைகளுக்கு யாழினி, எழிலன், மகிழன் என்று பெயர் வைக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன் அரிதாகக் கேட்ட பெயர்கள். இவற்றைக் கேட்டதும் படித்தவர் வட்டத்தில் ஒரு சிரிப்பு எழுகிறது: ‘வாயில ழகரம் நுழையாது, பேரு மட்டும் யாழினியாம்!’ தமிழ் முதுகலை படித்தவன் என்பதால் என்னையும் அந்தச் சிரிப்பில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

அதிகாரம் ஆளை விளித்துத்தான் தன் ஆளாக்கிக்கொள்கிறது என்று அல்தூஸர் 1970இல் எழுதினார். நம் ஊரில் மனு அதை எப்போதோ சட்டமாக்கிவிட்டார். மனுதர்மம் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகப்படி பார்ப்பனர் பெயர் மங்கலத்தையும், சத்திரியர் பெயர் வலிமையையும், வைசியர் பெயர் செல்வத்தையும், சூத்திரர் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும். 33ஆம் சுலோகம் பெண்ணுக்கு: பெயர் உச்சரிக்க எளிதாக, இனிமையாக, நெடிலில் முடிவதாக இருக்க வேண்டும். அதாவது பெண்ணின் பெயர் கூப்பிடுகிறவன் வசதிக்கு! குழந்தை தங்காத வீட்டில் குப்பன், பிச்சை என்று வைக்கும் வழக்கம் பல சாதிகளில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் வேண்டுதலாக வைப்பது வேறு, விதியாகச் சுமத்துவது வேறு.

1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அதில் சைவ வேளாள மேலாண்மை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. திராவிட இயக்கம் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். பிறகு சேரியிலும் காட்டுக்கொட்டாயிலும் பிள்ளைகள் அரசனும் எழிலரசியுமாகப் பிறந்தார்கள். கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். அந்த உழைப்பாளியின் பேத்திக்கு அவள் அப்பன் ஆத்தாள் விரும்பி ஒரு பெயர் வைப்பது சின்ன விஷயமா?

சரி, உச்சரிப்புக்கு வருவோம். நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அதை வைத்துக்கொண்டு இன்றைய நாக்குகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வடமாவட்டப் பேச்சில் ழகரம் யகரமாகும்: பயம், கெயவி. தெற்கே ளகரமாகும்: பளம், கெளவி. இரண்டுக்கும் ஒழுங்கு இருக்கிறது. கோழி கன்னடத்தில் கோளி. ஏழு தெலுங்கில் ஏடு. இதைக் கன்னடரின், தெலுங்கரின் நாக்குக் குறை என்று எந்த மொழியியலாளரும் சொல்வதில்லை, ஒலிமாற்றம் என்கிறார்கள். கூலிக்காரன் வாயில் நடந்தால் மட்டும் அது ‘கொச்சை’.

ஈழத்தவரிடையே இதே பெயர் ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு எழுதப்படுகிறது. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்து நாயகி அந்த எழுத்துக்கூட்டலில்தான் யாழினி. தமிழகத்தில் ‘இசட்-எச்’ போடுகிறோம். தமிழ் தெரியாதவர் அதை ‘யாஸினி’ என்றோ ‘யாஜினி’ என்றோ படிப்பார். அதற்காக யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. ‘யாயினி’ என்கிற பெற்றவளைத்தான் செய்கிறோம்.

கேலியோடு முடிந்தாலும் பரவாயில்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், ஆதாரில் இன்னொன்று, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது. எழுதுகிறவர் காதில் விழுந்ததே பதிவு. வெள்ளிமலையிலிருந்து பேருந்து பிடித்துக் கீழே வரும் ஒருவருக்கு அந்த ஓரெழுத்துத் திருத்தம் ஒரு நாள் கூலி. பழங்குடிச் சான்றிதழும் உதவித்தொகையும் அதில்தான் தொங்குகின்றன. மனுவின் சுலோகம் போய்விட்டது. அதன் வேலையை ஒரு விண்ணப்பப் படிவம் செய்கிறது.

எனவே தமிழ் படித்த நமக்கு இதில் வேலை இருக்கிறது. ழகரத்தைச் சொல்லிக்கொடுக்கிற வேலை அல்ல. பெற்றவர் என்ன பெயர் நினைத்தார் என்று கேட்டு, எல்லாப் படிவத்திலும் அதையே ஒரே மாதிரி எழுதவைக்கிற வேலை. ஆத்தாள் ‘யாயினி’ என்று கூப்பிட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தால், அந்த வீட்டில் அந்தப் பெயருக்கு அதுதான் உச்சரிப்பு.