வண்டிப்படையும் வாடகை வண்டியும்

சேனையொன்றின் வலிமையை உலகம் அதன் பீரங்கிகளைக் கொண்டே அளவிடுகிறது. ஆனால் பீரங்கிக்குக் குண்டும், வீரனுக்கு உணவும், குதிரைக்குப் புல்லும் ஏற்றிச்செல்லும் வண்டிகளை ஓட்டுவோர் யார்? அரசின் படையினரா, கூலிக்கு அமர்ந்த தனியாரா? எது செலவு குறைந்தது? சரித்திரத்தில் பன்முறை எழுந்த வினா இது.

நெப்போலியனின் சேனையில் பொதிவண்டிகளைத் தனியார் கம்பனியொன்று கொந்தராத்தில் நடத்திவந்தது. 1807 பெப்ரவரியில், ஐலோப் போரை ஒட்டிய பனிக்காலத்தில், அந்த ஏற்பாட்டின் குறைகள் வெளிப்பட்டன. அடுத்த மாதமே நெப்போலியன் இராணுவ வண்டிப்படைகளை நிறுவினான்.

பிரித்தானியாவோ எதிர்வழி சென்றது. 1799இல் அமைக்கப்பட்டு, 1815இல் வாட்டர்லூவிலும் தொண்டாற்றிய றோயல் வண்டிப்படையை, சிக்கனம் கருதி 1833இல் கலைத்தது. சமாதான காலத்தில் வேலையின்றி நிற்கும் குதிரைக்குத் தீனி எதற்கு, யுத்தம் வந்தால் வண்டிகளை வாடகைக்குப் பெறலாமே என்பது அக்காலத்தவர் போட்ட கணக்கு.

அக்கணக்கைச் சோதித்தது கிரிமியா யுத்தம். 1854இல் வார்ணாவில் கூலிக்கு அமர்த்தப்பட்ட வண்டிக்காரர் பலர் சேனையை விட்டு ஓடினர். கடல் கடந்து கிரிமியாவுக்குச் சென்ற வண்டிகளும் மிருகங்களும் மிகச் சிலவே. பலக்லாவாத் துறைமுகத்திலிருந்து செவஸ்தப்போல் முற்றுகைப் பாசறைகள் சில மைல் தூரமே. எனினும் மாரியில் அப்பாதை சேறாயிற்று. துறைமுகத்தில் பண்டங்கள் குவிந்து கிடக்க, மேட்டு நிலத்தில் வீரர் பசியாலும் குளிராலும் மடிந்தனர். தீனி கிட்டாமல் குதிரைகள் இறந்தன. குதிரைகள் இறந்தமையால் தீனி ஏற்ற வழியில்லாது போயிற்று. அருகே பாசறையிட்டிருந்த பிரெஞ்சுச் சேனை, தன் வண்டிப்படையின் உதவியால் அம்முதல் மாரியை ஒப்பீட்டளவில் நன்கு சமாளித்தது. அந்த யுத்தத்தில் இறந்த பிரித்தானிய வீரருள் முக்காற்பங்கினரைக் கொன்றது பகைவரின் படைக்கலம் அன்று, நோயே.

ஆயினும் தனியார் பயனற்றவர் என்று முடிவுகட்டுவது நீதியன்று. 1855இன் தொடக்கத்தில் பீற்றோ, பிராசி, பெற்ஸ் என்னும் கொந்தராத்துக்காரர்கள், இலாபம் நாடாது, துறைமுகத்திலிருந்து பாசறை நோக்கிப் புகையிரதப் பாதையைச் சில வாரங்களிலேயே அமைத்தனர். கட்டுமானம் அவர்களின் அன்றாடத் தொழில். ஆளும் கருவியும் அவர்களிடம் ஆயத்தமாக இருந்தன. வாடகை வண்டிக்காரனின் நிலை வேறு. ஆபத்து வந்தவிடத்து அவனை நிற்கச்செய்யும் கட்டளையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை.

அதே 1855இல் பிரித்தானியா தரைப் போக்குவரத்துப் படையை அவசரமாக நிறுவியது. கேணல் மக்மேடோ அதன் தலைவரானார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கலைத்ததையே, யுத்தத்தின் நடுவில், யுத்தகால விலை கொடுத்து மீண்டும் கட்டவேண்டியதாயிற்று.

கலைக்கப்பட்ட படையால் மிஞ்சிய பணம் ஆண்டுதோறும் திறைசேரிக் கணக்கில் வரவாயிற்று. பலக்லாவாப் பாதையில் மாண்டோரின் உயிரோ எந்தக் கணக்கிலும் பற்றெழுதப்படவில்லை. அப்பற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதே, வண்டிப்படையா வாடகை வண்டியா மலிவு என்னும் வினாவுக்கு உண்மையான விடை கிடைக்கும்.